மஞ்சள் தடவிய விடைத்தாள்கள்

அம்மனை நம்பி வாழும் தாய்மார்களே, என் மகளின் பட்டத்தை நானே கெடுக்க இருந்தேன். காத்தவள் எங்கள் ஊர் ஆத்தா. நான் மூன்றாம் வகுப்புதான் படித்தவள். ஆனாலும் அடுத்தவர் எழுதித் தர வேண்டாமென்று, மூன்று நாளாக எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன்.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்போது ஊரடங்குக் காலம். நாற்பத்திரண்டு வயதில் நான் பெற்ற ஒரே மகள் செல்வி, கல்லூரியில் கடைசி வருடம். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. முந்திரித் தோப்பில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டாள். பரீட்சையும் வீட்டிலேயேதான். வெள்ளைத்தாளில் எழுதி, படம் பிடித்து அரை மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்தத் தாள்களையும் பிறகு தபாலில் அனுப்ப வேண்டும்.

அவள் தோழி கவிதா போனில் சிரிப்பாள். "நமக்குக் கொரோனா பட்டம்டி. பாத்து எழுதுனவளுக்கும் அதே மார்க்கு, படிச்சு எழுதுன ஒனக்கும் அதே மார்க்கு!"

செல்விக்குச் சிரிப்பு வராது. "யாராச்சும் நேர்ல ஒக்கார வச்சுக் கேக்க மாட்டாங்களான்னு இருக்குடி," என்பாள்.

கடைசிப் பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் அவள் வாங்கி வைத்திருந்த தாள்களை அம்மன் படத்தின் முன் வைத்தேன். புதுத்துணிக்கு வைப்பது போல ஒவ்வொரு தாளின் மூலையிலும் மஞ்சள் தடவினேன். அவளைக் கேட்கவில்லை. நான் யாரைக் கேட்டு எதைச் செய்திருக்கிறேன்?

எழுத உட்காரும்போதுதான் அவள் பார்த்தாள். "என்னம்மா பண்ணி வச்சிருக்க! விடைத்தாள்ல ஒரு அடையாளமும் இருக்கக் கூடாதும்மா!"

"சாமிக்கு வச்சதுதானே? ஒண்ணும் ஆகாது, எழுது," என்று அதட்டினேன்.

கடைகள் மூடிக் கிடந்தன. வேறு தாள் இல்லை. அழுதுகொண்டே அதிலேயே எழுதினாள்.

முடிவு வந்தது. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

இடையில் எட்டு நாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடலைக்குக் களை வெட்டப் போவேன், பாதியில் திரும்புவேன். உலை கொதிக்கும், அரிசி போட மறந்திருப்பேன். கோவில் நடை சாத்தியிருந்தது. வெளியே நின்று, "அவள் பாஸாகட்டும்" என்று தினமும் கேட்டேன். மனசு அடங்கவில்லை. எட்டாம் நாள், "ஆத்தா, தப்பு என்னுது. அதை அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாயைக் கொடு" என்றேன். அறுபது வயது தாண்டி அன்றுதான் அந்தச் சொல் எனக்கு வந்தது. அழுதுவிட்டேன்.

மறுநாள் புதுக்கோட்டையில் அவள் கல்லூரிக்குப் போனோம். விசாரித்த பேராசிரியை, "யாருக்குக் காட்ட இந்த அடையாளம்?" என்று செல்வியைக் கேட்டார். நான் முன்னே போய் நின்றேன்.

"புள்ளைக்குத் தெரியாதுங்க. நான்தான் தடவுனேன். தப்பு என்னுதுங்க."

"எல்லாத் தாள்லயுமா?"

"ஒண்ணையும் விடலைங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு செல்வியை எதிரே உட்கார வைத்து, அந்தப் பாடத்திலேயே கேள்வி கேட்கத் தொடங்கினார். முக்கால் மணி நேரம். வராந்தாவில் நான் அங்கும் இங்கும் நடந்தேன். உள்ளே என் மகளின் குரல் தடுமாறாமல் கேட்டது.

மறுவாரம் பாஸ் என்று வந்தது. ஆத்தாவுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்!

இப்போது செல்வியின் பொருளைத் தொடுமுன் கேட்கிறேன். சில நாள் மறந்துவிடும். தவித்து நிற்கும் தாய்மார்களே, பிள்ளைக்காக வேண்டும்போது நீங்கள் செய்ததையும் ஆத்தாவிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு இரங்கியவள் உங்களுக்கும் இரங்குவாள்.