டிராக்டருக்குத் தண்ணீர் ஊற்றாதவன் நான்தான்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு எழுத்தெல்லாம் வராது. ஆனாலும் இந்த ஒரு பக்கத்தை அடம்பிடித்துக் கேட்டு வாங்கினேன். அடக்கத்தன்று பெட்டியருகே நின்ற உறவினர் ஒருவர் பாசமாகத்தான் சொன்னார்: "எதையும் ரெண்டு தரம் பாத்துச் செய்யற மனுசன். தண்ணி இல்லாம டிராக்டர ஓட்டிக் கெடுத்தது ஒண்ணுதான் அவுரு செஞ்ச தப்பு." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது அண்ணன் செய்த தப்பு அல்ல.

அண்ணன் இண்டூர் பக்கத்தில் எங்கள் காட்டு வீட்டில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. அத்தோடு அவர் படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். என்னைப் படிக்க வைத்தார். நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். நிலத்தைப் பிரித்தபோது மேட்டுக்காட்டைத் தாம் எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கத்தை எனக்கு விட்டார். பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. அதைப் பிரிக்க முடியாதே! ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் எனக்கு என்று வைத்துக்கொண்டோம்.

என் பெரிய பெண்ணின் கல்யாணப் பேச்சை அண்ணனிடம் முதலில் கொண்டுபோயிருக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியாகப் போய்ச் சொன்னேன். அவர் மனம் வருந்திக் கேட்டார், நான் எகிறினேன். மூன்று வருடம் பேச்சே நின்றுபோனது. கோயிலில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவரைப் பார்த்துக் கும்பிட வேண்டியிருக்குமே என்று நான் தூணுக்குப் பின்னால் நிற்பேன். என்ன சேதி என்றாலும் அண்ணிதான் நடுவில் நின்று சொல்வார்.

அந்த மூன்று வருடமும் எங்களுக்குள் இருந்த ஒரே உடன்பாடு டிராக்டர் சாவி. முறை முடிந்தவர் தண்ணீர், ஆயில் எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் ஞாயிறு மாலை மோட்டார் கொட்டகை ஆணியில் சாவியை மாட்டுவார். யாரும் பேசி வைத்ததில்லை, தானாக அமைந்தது.

அப்படி ஒரு ஞாயிறு, ரப்பர் ஓஸ் ஒழுகுகிறதென்று ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஓஸ் மாட்டினேன். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. வந்ததும் ஊற்றலாம் என்று நினைத்தவன், கைப்பழக்கத்தில் சாவியை மாட்டிவிட்டுப் போய்விட்டேன். காலையில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வறட்டுக் கௌரவம் விடவில்லை. அண்ணன் பார்க்காமலா எடுத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நிலக்கடலைக்கு உழுதுகொண்டிருந்த வண்டி பாதிக் காட்டில் முக்கி முனகி நின்றது. இன்ஜின் சூடேறி இறுகி சீஸ் ஆகிவிட்டது. அதியமான்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்து பார்த்து, சொட்டுத் தண்ணீர் இல்லை என்றார். பக்கத்தில்தான் நான் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாந்தான் பாக்கலீங்க" என்றார். ஊருக்கு அதுவே செய்தியானது.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது மூன்று பிஸ்டனும் அவை ஓடும் லைனர் குழாயோடு இறுகிக் கிடந்தன. டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட வேண்டும், காலை மாலை ஒருவர் மேலே கட்டை வைத்துத் தட்ட, அதே நேரத்தில் இன்னொருவர் முன்னால் நீள ஸ்பானர் போட்டுத் திருப்ப வேண்டும், அவசரப்பட்டு அடித்தால் லைனர் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். அண்ணன் சுத்தியலை எடுத்தார். நான் ஸ்பானரைப் பிடித்தேன். எப்போது தட்டுவது, எப்போது திருப்புவது? வாயைத் திறந்தால்தானே! அவர் இருமினால் நான் திருப்புவேன். மூன்று நாள் இருமலிலேயே வேலை நடந்தது.

நான்காம் நாள் காலை இன்ஜின் ஒரு விரற்கடை அசைந்தது. அண்ணன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, தண்ணி ஊத்தாம சாவிய மாட்டுனது நாந்தாங்க. காலைல சத்தம் கேட்டும் கூப்புடாம இருந்துட்டன்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பழைய ஓஸ் கீழ கெடந்துச்சு, பாத்தன். மூடியத் தெறந்து பாக்கலாம்னு கைகூடப் போச்சு. தெறந்தா உன்ன நம்பலன்னு ஆயிடும். பேச்சுதான் இல்ல, அதுவுமா இல்லாம போவணும்னு வுட்டுட்டன்."

பேரன் எடுத்த வயதில், டயரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஸ்பானரைப் பிடி, வேலை கிடக்கிறது என்றார்.

லைனர், பிஸ்டன் எல்லாம் மாற்றி வண்டி ஓடியது. ஊரில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஆறிப்போனதை எதற்குக் கிளறுகிறாய் என்று தடுத்துவிட்டார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அதன் பிறகு அண்ணன் ஒரு வருடம்தான் இருந்தார். தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். நெஞ்சுவலி என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் என் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்டதும் வண்டியோடு வந்து நின்ற மெக்கானிக்குக்கும், பங்குத்தந்தைக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் இது தெரியாது. கட்டிய மனைவியிடம்கூட அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்டு முடித்ததும் அண்ணி மெதுவாகச் சொன்னார்:

"சோத்துக்கு உக்காந்தா போதும், தண்ணி பாக்காம ஓட்டுனீங்களேன்னு ஆரம்பிச்சிருவன் தம்பி. ஒரு வருசம் திட்டியிருக்கறன். குனிஞ்ச தல நிமிராம சாப்டுட்டு எந்திரிச்சுப் போவாரு."