லூர்த்தம்மா முதலாளிக்கு வைத்த ஒப்பாரி

குருநகர்ச் சந்தையில் லூர்த்தம்மாவிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மீன் தேவையில்லை. முந்தின நாள் உதைபந்தாட்டத்தில் யார் பிழை விட்டது என்று தீர்ப்புக் கேட்கத்தான் வருவார்கள். அவளும் பாரையை வெட்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். நடுவர் குருடன், பந்துக் காப்பாளர் கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றான், பயிற்சியாளர் வாயில் என்ன கொழுக்கட்டையா. சொன்னதில் பாதிக்குப் பாதி தவறாகவே இருக்கும். அதற்காக அவள் ஒருநாளும் குரலைத் தாழ்த்தியதில்லை.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் பெண் பிள்ளைகள் மைதானத்துக்குள் போகக்கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாதவற்றைத்தான் இந்த நாட்டில் வழக்கம் என்று சொல்வார்கள். அவள் வேலிக்கு வெளியே கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மேல் ஏறி நின்று கடற்சுடர்க் கழகத்தின் ஆட்டங்களைப் பார்த்தாள். கலியாணம் கட்டினாள், சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடினாள், புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள், மகள் ஷெரோனை மீன் விற்று வளர்த்தாள். திரும்பி வந்து மைதானத்தில் புல் முளைத்த கையோடு கழகச் செயலாளர் கிறகோரியின் வீட்டு வாசற் படலையில் போய் நின்றாள்.

"எங்கடை பெட்டையளுக்கும் ஒரு டீம் வேணும்."

"ஓம்," என்றார் கிறகோரி. யார் எதைக் கேட்டாலும் அவர் ஓம் என்பார். அதனால்தான் எல்லாக் கட்சியும் சேர்ந்து அவரைச் செயலாளராக வைத்திருந்தன. ஆனால் இந்த ஓமை லூர்த்தம்மா மறக்க விடவில்லை. ஒவ்வொரு நாளும் படலைக்கு வந்தாள். கடைசியில் மனிதர், அவள் சத்தத்துக்குப் பயந்தே பெண்கள் அணியைத் தொடங்கிவிட்டார். வலை வைக்கும் பழைய அறையைப் பிள்ளைகள் உடுப்பு மாற்றக் கொடுத்தார்கள். கழிப்பறைக்கு லூர்த்தம்மா வீடு.

பிறகுதான் கனிசியஸ் வந்தார்.

கனிசியஸ் அதே தெருவில் பிறந்து, சுவிசுக்குப் போய், கடை மேல் கடையாகத் திறந்து பெரிய ஆளானவர். ஊருக்கு வந்து கழகத்தையே பொறுப்பெடுத்தார். அன்றிலிருந்து அவர் முதலாளி. முதலில் மைதான வாசலில் தகப்பனின் பெயரில் ஒரு வளைவு கட்டினார். அடுத்ததாகக் கழகத்துக்கு ஒரு பஸ் வாங்கினார். பஸ் வளைவை விட உயரம். வளைவை இடிக்கத் தகப்பனின் பெயர் விடாது, பஸ்ஸின் உயரத்தைக் குறைக்க முடியாது. ஆகவே பஸ் வெளியே வேம்பின் கீழ் நின்றது. அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. மேலே இருந்து படம் பிடிக்க ஒரு ட்ரோன் இறக்கினார். அதைக் காகங்கள் முதல் ஆட்டத்திலேயே கொத்தி விழுத்தின. கோல் கம்பங்களுக்குத் தீர்த்தம் தெளிப்பித்தார். அன்று மாலையே அந்தக் கம்பங்களுக்கிடையில் ஆறு பந்துகள் போயின. தெளித்த தண்ணீர் பந்தைத் தடுத்ததாக உலகத்தில் எங்கும் கேள்விப்படவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கும் தெளித்தார்கள்.

பிறகு ஆபிரிக்காவிலிருந்து மூன்று வீரர்களைக் கூட்டிவந்தார். நல்ல பிள்ளைகள், நல்ல ஆட்டக்காரர்கள். மூவரும் முன்களம்.

"மூண்டு பேரும் கோல் அடிக்க வந்த ஆக்கள்," என்றாள் லூர்த்தம்மா சூடை மீனை அள்ளிப் போட்டபடி. "அடிக்கிறதுக்குப் பந்து குடுக்கிறது ஆர்? சுவிசிலை இருந்து பார்சலிலை வருமே?"

"முதலாளி நல்ல மனசோடைதான் செய்யிறார் அக்கா," என்றான் ஒருவன்.

"மனசைக் கொண்டுபோய்ப் பின்களத்திலை விடு. பந்து வந்தால் தடுக்குதோ பாப்பம்."

சந்தையே சிரித்தது. அங்கே முதலாளியை வெட்டிக் கண்டமாக்காதவர்கள் இல்லை. ஆனால் மாலையில் அவருடைய வாகனம் மைதானத்துக்கு வந்தால் அதே வாய்கள் எல்லாம், "வாங்கோ அண்ணை, இருங்கோ அண்ணை" என்றன. ஒருவன் கதிரையைத் துடைப்பான், இன்னொருவன் இளநீரோடு நிற்பான். லூர்த்தம்மாவை மட்டும் கிறகோரி தூரத்தில் நிறுத்திவைப்பார்.

ஆண்கள் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பெண்கள் அணியோ ஆரவாரம் எதுவுமில்லாமல் வென்று வென்று மாவட்டக் கிண்ணத்தின் அரையிறுதிக்கு வந்துவிட்டது. நடுக்களத்தில் ஷெரோன். அரையிறுதி சொந்த மைதானத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் மாவட்டத்திலிருந்து ஒரு நிபந்தனை வந்தது: பெண்கள் ஆட்டம் நடக்கும் மைதானத்தில் அவர்களுக்கென்று கழிப்பறை இருக்க வேண்டும்.

நிர்வாகக் கூட்டத்தில் கனிசியஸ் அதைத் தீர்த்துவைத்தார். "கக்கூஸ் இல்லாமல் பெம்பிளைப் பிள்ளையள் விளையாடேலாது எண்டு சொல்லுறாங்கள். எங்களிட்டைக் கக்கூஸ் இல்லை. ஆனபடியால் டீமைக் கலைப்பம். அந்த அறையை வெளிநாட்டு விருந்தாளியளுக்கு ஏசி போட்டுக் குடுப்பம்."

"ஓம்," என்றார் கிறகோரி.

கழிப்பறை இல்லையென்றால் கழிப்பறை கட்டு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லவில்லை. வளைவுக்குச் சீமெந்து இருந்தது, பஸ்ஸுக்குக் காசு இருந்தது; பிள்ளைகளுக்கு நான்கு சுவர் என்றபோதுதான் ஊரில் மண்ணே தீர்ந்துபோனது.

ஷெரோன் அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி மூலையில் போட்டாள். அழவில்லை. "சரியம்மா. நாளைக்கு உங்களோடை சந்தைக்கு வாறன்," என்றாள். அந்தச் 'சரி' லூர்த்தம்மாவை அறுத்தது. மகள் தன்னைப்போல வள்ளத்தின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் சாவு என்றால் சந்திக்குச் சந்தி பதாகை. கண்ணீர் அஞ்சலி என்று மேலே பெரிதாக, நடுவில் படம், கீழே யார் அழுகிறார்கள் என்ற விபரம். சங்கம், நண்பர் வட்டம், ஓட்டோச் சாரதிகள், எல்லோரும் ஆளுக்கொன்று கட்டுவார்கள். இறந்தவரை உயிரோடு இருக்கையில் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் பெரிய அளவில் கட்டுவார்கள். லூர்த்தம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. கலைத்த அணிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி கட்டினால் முதலாளிக்குச் சுடும் அல்லவா? சந்தை இரைச்சலுக்குள் நின்றபடி பதாகை அடிக்கும் ஜெயசுதனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, கண்ணீர் அஞ்சலி பனர் ஒண்டு. கடற்சுடர்க் கழகம். பெண்கள் அணி. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது அக்கா. எங்கை கட்டுறது?"

"சந்தியிலை. பெரிசா."

ஜெயசுதனுக்கு விளங்கியதுதான் வில்லங்கம். அவன் அடித்த ஆயிரம் அஞ்சலிகளிலும் இப்படிச் சொல்லப்படும் பெயர், அழுகிறவர்களின் பெயர். ஆகவே 'பெண்கள் அணி' கீழே போய்விட்டது. இறந்தது யார்? ஒரு அணி இறக்கும் என்று அவன் கேள்விப்பட்டதில்லை. கணினியில் கடற்சுடர்க் கோப்பைத் திறந்தான். வளைவுத் திறப்பு, பஸ் வருகை, பிறந்தநாள் வாழ்த்து, எல்லாவற்றிலும் ஒரே முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது. "அட, நல்ல மனிசன்," என்று கவலைப்பட்டுக்கொண்டு, அந்த முகத்தின் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கையும் ஏற்றி, அமரர் கனிசியஸ் என்று அடித்து, விடியுமுன்னே சந்தியில் கட்டிவிட்டுப் போனான்.

அதன்பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. பதாகையைப் பார்த்த கோயில் மணிக்காரர் துக்க மணி அடித்தார். மணியைக் கேட்ட எதிர்க் கழகங்கள் தங்கள் பதாகைகளுக்குச் சொல்லிவிட்டன. பந்தல்காரர் கதிரைகளோடு வந்தார். கனிசியஸ் புது மாடிவீட்டின் மேல்தளத்தில் குளிரூட்டி போட்டு, தொலைபேசியை நிறுத்தி, சுவிஸ் நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எடுத்தால் எடுக்கிறார் இல்லை என்பதே பெரிய அத்தாட்சியாகிவிட்டது. உடல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஓம் என்றார் கிறகோரி. அவ்வளவுதான். மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் முயலவில்லை. எழுதிக் கட்டியதை நம்புவது அவ்வளவு சுகமான பழக்கம்.

லூர்த்தம்மாவுக்குச் சந்தையில்தான் செய்தி வந்தது. "அக்கா, முதலாளி மோசம் போயிட்டார், செத்துப்போனாராம்!" அவள் கத்தியைப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கத்தால் ஓடினாள். அந்தப் பாதையில் பதாகை ஏதுமில்லை.

முதலாளி வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். "கொடைவள்ளல்," என்றது ஒரு குரல். "உதைபந்தாட்டத்தை வளர்த்த சிற்பி," என்றது இன்னொன்று. நேற்றுவரை சந்தையில் அவரைக் கண்டம் போட்ட அதே வாய்கள். பெண்கள் அணிப் பிள்ளைகளும் சீருடையில் வரிசையாக நின்றார்கள். கழகத்தில் செத்த வீடு என்றால் மரியாதை அணிவகுப்புக்கு நிற்கவேண்டும் என்று கிறகோரி ஆளனுப்பியிருந்தார். கலைத்த அணி அணிவகுப்புக்கு மட்டும் கலையவில்லை.

அதைக் கண்டதும் லூர்த்தம்மாவுக்கு நெஞ்சு பொங்கியது. துக்கம் பாதி, கோபம் பாதி. நிலத்தில் குந்தி மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"வாசலிலே வளைவு வைச்சாய், என்ரை ராசாவே! அந்த
வளைவுக்குள்ளை போகாத பஸ் எடுத்தாய், என்ரை ராசாவே!
முன்னுக்கு ஓட மூண்டு பேரைக் கொண்டுவந்தாய், எங்கடை
பின்வாசல் திறந்ததைப் பாக்கேல்லையே, என்ரை ராசாவே!"

முற்றம் திடுக்கிட்டது. ஆனால் ஒப்பாரியை இடையில் நிறுத்த அந்தக் கரையில் எவருக்கும் உரிமையில்லை. செத்த வீட்டில் அழுகிறவளின் வாயைப் பொத்த அரசாங்கத்தாலும் முடியாது. பக்கத்துப் பெண்கள் வந்து தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து இழுத்தார்கள்.

"வானத்திலை பறக்க ஒரு மிஷின் விட்டாய், அதைக்
காகம் கொத்தி விழுத்தினதும் காணேல்லையோ, என்ரை ராசாவே!
செயிச்சு வந்த பிள்ளையளைச் சேரக் கலைச்சுப்போட்டு, ஒரு
கக்கூஸு கட்டாமல் கண்ணை மூடிப் போட்டியே, என்ரை ராசாவே!"

"கண்ணை மூடிப் போட்டியே!" என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தார்கள்.

மேலே மாடி விறாந்தையில், அரைக் காற்சட்டையோடு, வாயில் பற்பசை நுரையோடு கனிசியஸ் நின்றார். யாரோ செத்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தவர், வளைவும் பஸ்ஸும் வந்ததும் அது யார் என்று புரிந்துகொண்டார். அவரும் அந்தக் கரையில் பிறந்தவர். ஒப்பாரி முடியும்வரை அசையாமல் நின்றார்.

முதலில் கண்டது கிறகோரி. "ஓம்... ஓம்... ஐயோ!" என்று கதிரையோடு பின்பக்கமாகச் சாய்ந்தார்.

"சாகாத ஆளுக்கு அழுதால் ஆயுள் கூடும்," என்று ஒரு மனிசி ஆறுதல் சொன்னாள். ஆயுள் கூடுகிற கூத்தைப் பார்க்கக் கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. கனிசியஸ் சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"உந்தப் பனர் ஆர் கட்டினது?"

ஜெயசுதன், தன் பதாகைக்கு வந்த கூட்டத்தைப் பார்க்கவே வந்திருந்தவன், லூர்த்தம்மாவைக் காட்டினான். "அக்காதான் சொன்னவ. பெண்கள் அணி எண்டு."

"விசரா! பெண்கள் அணி செத்துப்போச்சு எண்டு சொன்னனான். உவர் செத்துப்போனார் எண்டே சொன்னனான்?" லூர்த்தம்மா எழும்பிச் சேலையைத் தட்டினாள். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, பனர் பிழை. பாட்டுப் பிழையில்லை."

கனிசியஸ் கூட்டத்தைப் பார்த்தார். "சரி. உவ சொன்னது உண்மை எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழவில்லை. அத்தனை பேரும் ஆராய்ச்சியோடு மண்ணைப் பார்த்தார்கள். லூர்த்தம்மா மட்டும் செதில் ஒட்டிய கையைத் தூக்கினாள். பிறகு ஷெரோன். பிறகு வரிசையாகப் பிள்ளைகள். கடைசியில், அனுதாபம் தெரிவிக்க வந்திருந்த எதிர்க் கழகத்தின் தலைவர், வாக்கே இல்லாத மனிதர், கையைத் தூக்கினார். அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் துணிவு வந்தது. கதிரை துடைப்பவனும் தூக்கினான். விழுந்து கிடந்த கிறகோரியும் கிடந்தபடியே தூக்கினார்.

"செத்தால்தான் சொல்லுவியளோடா?" என்றார் கனிசியஸ். கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. பிள்ளைகளின் பக்கம் பார்த்தார். "நீங்கள் உடுப்பு மாத்தினது எங்கை? அறைதான் பூட்டியாச்சே."

"பஸ்ஸுக்கை, அங்கிள்," என்றாள் ஷெரோன். "திறந்துதான் கிடக்கு. ஆடுகளை மட்டும் கலைச்சனாங்கள்."

யாரோ சிரித்தார்கள். பிறகு முற்றமே சிரித்தது. முதலாளியின் உதடும் கொஞ்சம் வளைந்தது. பந்தல்காரரைக் கூப்பிட்டார். "அண்ணை, கதிரையைத் திருப்பிக் கொண்டுபோங்கோ. மேசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமைக்கிடையிலை கக்கூஸ் எழும்பவேணும். டீம் கலையேல்லை. பூட்டின அறைத் திறப்பைப் பிள்ளையளிட்டைக் குடுங்கோ, கிறகோரி."

"ஓம்," என்றார் கிறகோரி. அவர் வாழ்க்கையில் சொன்னவற்றில் இது ஒன்றுதான் அவசரமாக வந்த ஓம்.

பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். கூட்டம் மெல்லக் கலைந்தது. கனிசியஸ், கூடையைத் தேடிப் புறப்பட்ட லூர்த்தம்மாவைப் படலையடியில் நிறுத்தினார்.

"லூர்த்தக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் மெய்யாவே செத்தாலும் உப்பிடித்தான் அழுவியளோ?"

"நீ முதலிலை கக்கூஸைக் கட்டு, மோனை," என்றாள் லூர்த்தம்மா. "பிறகு ஆறுதலாச் செத்துப் பார். நல்ல பாட்டாச் சொல்லி அழுறன்."