முப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்து

அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, படிக்கட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அதனால் எல்லோருக்கும் ஜெராக்ஸ் அக்கா. அவரைவிட இருபது வயது மூத்த பெரியவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கடைக்குப் பின்னால் ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். கடை, இறந்துபோன அவர் அண்ணன் பெயரில் இருக்கிறது, கரண்ட் மீட்டரும் அண்ணன் பெயரில்தான். அக்காவைத் தனிக் குடும்பமாக எந்தக் கணக்கிலும் யாரும் சேர்த்ததில்லை.

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, மாடிக்கு எட்டு வீடு. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று எதற்குப் போனாலும் மாநகராட்சி அலுவலகத்தில் ஒரே பாட்டு: “எல்லா வீட்டுக் கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க.” எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். இவர் இருந்தால் அவர் இருக்க மாட்டார். முதல் மனு ஒரு மாதம் மாடிப்படி ஏறி இறங்கி, யார் வீட்டுக் குழந்தையோ அதில் கப்பல் செய்து, அதோடு ஒழிந்தது.

அப்போதுதான் அக்கா சொன்னாராம்: “எல்லாரும் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டார். முதல் மாடி பஸ் கண்டக்டர் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு போட்டது போலப் போடுவார். அப்படியே அக்கா போடுவார். மூன்றாம் மாடி வாத்தியார் வரி பிசகாமல் போடுவார், அதையும் போடுவார். காலையில் மனு எழுதினால் மத்தியானம் முப்பத்திரண்டு கையெழுத்தும் தயார். இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பொய் ஏன் சொல்ல வேண்டும்? நிம்மதியாக இருந்தது.

ஒரே ஒரு குளறுபடி. எல்லோரும் போட்டுக் காட்டிய அன்று நான் ஊரில் இல்லை, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. நான் தையல்காரி ஆயிற்றே என்று அவராகவே ஒன்று உண்டாக்கியிருக்கிறார். முதல் எழுத்து பெரிதாக, அதற்குப் பிறகு விட்டு விட்டுக் கோடு, தையல் ஓட்டியது போல. நான் திரும்பி வந்ததும் காட்டினார்.

“எப்படி இருக்கு?”

“என்னோடதவிட அழகா இருக்குக்கா.”

அப்படித்தான் சொன்னேன். அப்போதே என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

போன புதன்கிழமை மாடிப்படிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கட்டடத்தை இடித்துவிட்டு இருபது மாடி எழுப்பப் போகிறார்களாம். முப்பத்திரண்டு குடும்பமும் சம்மதித்துவிட்டதாம். ஒரு வீடு மறுத்தாலும் இடிக்க முடியாதாம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் நேரில் வந்து தெரிவிக்க வேண்டுமாம்.

நோட்டீஸை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் தெரு அவருக்குக் காலால் மனப்பாடம். அந்தத் தெருவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நழுவிவிட்டது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், மரக்கடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கும் மைதானம். சத்தமும் வாசனையும் மாறிப்போய், மூலை திரும்புவதையே விட்டுவிட்டார். மிச்சம் இந்தக் கட்டடம் ஒன்றுதான். முப்பத்தெட்டுப் படி இறங்கி, பால் வாங்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் மேலே வருவார். இதையும் இடித்தால் மனிதர் நாற்காலியோடு முடங்கிவிடுவார்.

கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் கடைக்கு ஓடினேன்.

“என்னக்கா இது? நான் எப்போ சம்மதிச்சேன்?”

“நீ எங்கடி போட்டே? நான்தானே போட்டேன்.”

“எதுல போட்டீங்க?”

“தண்ணி மோட்டார் ரிப்பேர் மனுவுல. செயலாளர் கொண்டுவந்து கொடுத்தார். எட்டுப் பக்கம். ஒரு மோட்டாருக்கு எதுக்கு எட்டுப் பக்கம்னு நானும் யோசிச்சேன். பெரிய மோட்டார் போலன்னு போட்டுட்டேன்.”

“படிக்க மாட்டீங்களா?”

“படிக்கறதா? அதுக்கு எங்கடி நேரம்? நகல் எடுக்கறதுதானே என் வேலை.”

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் திருதிருவென்று விழித்தார். கட்டுமானக் கம்பெனி ஆள் கொடுத்ததை அப்படியே கொடுத்தாராம். “நான் படிக்கலம்மா. அக்கா படிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்.” மற்ற வீட்டுக்காரர்களைக் கேட்டால், புது வீடு வந்தால் நல்லதுதானே, லிஃப்ட் இருக்குமே என்றார்கள். அவர்களுக்கு என்ன வந்தது, நன்றாகவே இருக்கட்டும். நான் மறுக்கவே இல்லை என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வியாழனும் வெள்ளியும் மனு எழுதி, அடித்து, மறுபடி எழுதியே போயின. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகத்தில் ஆறாம் எண் ஜன்னல் முன்னால் நின்றேன். பக்கத்தில் அக்கா, புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டே.

அதிகாரி என் மனுவைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார். ஒரு தடித்த கோப்பை எடுத்துப் பிரித்தார்.

“அம்மா, இது அந்த வீட்டுக்காரம்மா கையெழுத்து இல்லையே.”

“நான்தான் சார் அந்த வீட்டுக்காரம்மா.”

“கையெழுத்து ஒத்துப் போகலையே. பதினோரு வருஷத்துல நாப்பத்தாறு மனு. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. நீங்க போட்டது மட்டும் வேற.”

அடையாள அட்டையை நீட்டினேன். அதிலும் என் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை போட்டதுபோல உருண்டை உருண்டையாகத்தான் இருக்கிறது.

“அது வேற துறை. எங்களுக்கு எங்க கோப்புதான். இதே மாதிரி என் கண் முன்னாடி போட்டீங்கன்னா வாங்கிக்கறேன். அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

ஐயையோ, இப்படியும் ஒரு நியாயமா! நானே எனக்குப் பொய்யாகிவிட்டேன். அக்கா என்னைத் தாழ்வாரத்துப் பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“கவலைப்படாதே. கஷ்டமே இல்ல. நான் சொல்லித்தரேன்.”

என் பெயரை எழுத எனக்கு வகுப்பு எடுத்தார். “முதல் எழுத்தை நல்லா சுழி. அப்புறம் கையைத் தளர்த்து. யோசிக்காதே, மிஷின்ல துணி போற மாதிரி விட்டுடு.” ஒரு மணி நேரம் போட்டேன். பாதியில் என் கை பழைய உருண்டைக்கே திரும்பிவிடும். முப்பது வருஷமாக நேர்த் தையல் ஓட்டுகிறவளுக்கு ஒரு கோடு ஓட்டத் தெரியவில்லை. கடைசியில் என் கையெழுத்தும் வரவில்லை, அவர் கையெழுத்தும் வரவில்லை.

“எல்லாம் உங்களாலதான்!” என்று கத்திவிட்டேன். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. “அவர் இனிமே எப்படி நடப்பார்? எல்லாருக்கும் நல்லது பண்றேன்னு என்னை அம்போன்னு விட்டுட்டீங்களே!”

அக்கா நான் கிறுக்கிய தாள்களைப் பொறுக்கி மடித்தார். எனக்குச் சொல்லிவிட்ட பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் பிடித்துப் படி இறங்குகிற கைப்பிடிக் கம்பியே இந்தப் பொய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததுதான். யாரை ஏசுவது, யாருக்கு நன்றி சொல்வது? எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று.

நாலே முக்காலுக்கு அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

“சார், அந்தக் கோப்புல இருக்கறது எல்லாமே என் கைதான்.”

“எதும்மா?”

“முப்பத்திரண்டு வீடும். இவ சம்மதமே கொடுக்கல. நான் போட்டது.”

நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். கோபமாவது ஒன்றாவது, எல்லாம் பறந்துவிட்டது, பயம்தான் வந்தது. “அக்கா, வேண்டாம்க்கா. உள்ள போட்டுடுவாங்கக்கா.” அவர் கையை உதறிவிட்டார்.

அதிகாரி நம்பவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். “போட்டுக் காட்டுங்க.”

அக்கா நின்றபடியே போட்டார். கண்டக்டர், வாத்தியார், நர்ஸ், மின்சாரக்காரர் என்று வரிசையாக. ஒன்றிலும் கை தடுமாறவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து நின்றுவிட்டுப் போவது போல இருந்தது. அதிகாரி கோப்பைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக இருந்தார். பக்கத்து ஜன்னல்காரரும் வந்து எட்டிப் பார்த்தார்.

“அப்போ பஸ் நிறுத்தம் கேட்டது?”

“நான்தான்.”

“குழந்தைங்க பூங்கா?”

“அதுவும்தான் சார். பூங்காவைத் திருப்பிக் கேப்பீங்களா?”

அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, நடந்ததை அக்கா ஒரு வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தால் சம்மதப் பத்திரத்தில் என் பெயரை அடித்துவிட்டு என் ஆட்சேபத்தை வாங்கிக்கொள்வதாகவும், அக்கா திங்கட்கிழமை விசாரணைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். அக்கா நாலு வரி எழுதினார்.

“கீழ கையெழுத்துப் போடுங்க. உங்களோடது.”

பேனா தாளைத் தொடாமல் நின்றது. அக்கா நெற்றியைச் சுருக்கினார். கடைக் காகிதங்களில் போடுகிற அண்ணன் கையெழுத்தைப் போட ஆரம்பித்து, ஒரு சுழியிலேயே நிறுத்தி, அதை அடித்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு குழம்பிப்போய் அவரை நான் பார்த்ததே இல்லை.

“என்னம்மா, முப்பத்திரண்டு போட்டீங்க. உங்களோடது எது?”

அக்கா அந்த வெள்ளைத் தாளில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் வைத்தார். என் கையெழுத்து. தையல் ஓட்டியது.

“மத்தது எல்லாம் அவங்கவங்க போட்டதைப் பாத்துப் போட்டது சார். இது ஒண்ணுதான் நானா போட்டது.”

வாக்குமூலத்தின் கீழே அதையே போட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. என் மனுவில் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்து படியில் இறங்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லப் போய் அழுகைதான் வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“அது உன் பேருடி. இனிமே நான் அதைப் போடக் கூடாது இல்ல?”

“ஆமாக்கா.”

“அப்போ திங்கட்கிழமை கூப்பிட்டு கையெழுத்து கேட்டா, நான் எதைடி போடுவேன்?”