ராகு காலத்துப் பிள்ளை

பிரசவ அறுவை அறையில் குழந்தை வெளியே வந்ததும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்வது அந்தத் தலைமை நர்ஸின் வேலை. இருபத்தாறு வருடமாக அவர் வாயால் சொன்ன நிமிடத்தை வைத்துத்தான் வெளியே ஜாதகம் எழுதினார்கள். அவருக்கோ பஞ்சாங்கம் என்ற பேச்சே ஆகாது. ராகு காலத்தில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு வேலை போனது, அண்ணன் பரீட்சையில் கோட்டை விட்டது, பால் பொங்கி அடுப்பு அணைந்தது வரைக்கும் எல்லாப் பழியும் அவர் தலையில்தான் விடிந்தது. "பொறந்த நேரம் அப்படி" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையை வளர்த்தார்கள், பாவிகள்.

அன்று புதன்கிழமை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணின் வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. உடனே அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நர்ஸ் சம்மதப் படிவத்தோடு வெளியே ஓடினார். பெண்ணின் மாமனார் செல்போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணரை வரைக்கும் ராகு காலம் சிஸ்டர். அப்புறம் கையெழுத்து போடுறோம்."

"அதுவரைக்கும் குழந்தை தாங்காதுங்க."

"இவ்வளவு நேரம் தாங்கிச்சுல்ல?"

புருஷன்காரனைப் பார்த்தார். அவன் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவர்கள் மேல் மட்டுமல்ல, தன் மேலும்தான். கத்தி படப்போவது யார் வயிற்றில், தான் கையெழுத்துக்கு அலைவது யார் பின்னால்? இருபத்தாறு வருடமாக இதே கூத்து. விறுவிறுவென்று உள்ளே திரும்பிப் படிவத்தைப் பெண்ணிடமே நீட்டினார்.

"உன் உடம்பும்மா. நீ போட்டாப் போதும்."

அவள் வலியோடு கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு ஒரு பெண் குழந்தை வீறிட்டது.

நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது, குழந்தை எப்படி இருக்கிறது என்றுகூட மாமனார் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணு முப்பத்தஞ்சுன்னு எழுதிடுங்க. பொம்பளப் பிள்ளை. நாளைக்கு அதோட வாழ்க்கைதான் பாழாகும்."

பளாரென்று ஒன்று விட்டால் என்ன என்றிருந்தது. ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு நர்ஸை அசைத்துவிட்டது. அந்த ஆள் சொல்வதும் பொய்யில்லையே. இந்த வீட்டில் நாளைக்கு ஒரு தம்ளர் உடைந்தாலும் இந்தப் பிஞ்சைத்தானே கரித்துக்கொட்டுவார்கள்? தான் பட்ட பாட்டை இன்னொன்றும் படவேண்டுமா? ஒரு பொய் எழுதினால் தீர்ந்தது. பேனாவைத் திறந்தார், கை ஓடவில்லை. இந்த அநியாயத்துக்குத் தானும் துணை போவதா? ஆத்திரத்தில் கண் கலங்கியது.

மறுபடி உள்ளே போனார். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போயிருந்தது, பெண் நன்றாக விழித்திருந்தாள். கன்னத்தோடு குழந்தை ஒட்டிக்கிடந்தது. மாமனார் கேட்டதையும் தான் பிறந்த கதையையும் நர்ஸ் மறைக்காமல் சொன்னார். "நேரத்தை மாத்தி எழுதவா வேண்டாமா, நீயே சொல்லு."

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"உள்ளபடியே எழுதுங்கக்கா. யாராவது இவளை ஒரு சொல் சொல்லட்டும். ஒண்ணரை வரைக்கும் காத்திருந்தா நீ இருந்திருக்கவே மாட்டேன்னு நான் இவகிட்ட சொல்லிக்கிறேன்."