ஓவனுக்கும் ஒரு பொட்டு

போன வாரம் எங்கள் ராஜபாளையம் வீட்டு ஓவனில் மூன்று கேக் பாழாய்ப் போனது. மூன்றும் ஒரே லட்சணம்... மேலே கரி, உள்ளே பச்சை மாவு.

கேக் யாருக்கு? அக்கா மகன் கதிருக்கு. ராணுவத்தில் இருக்கிறான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பிறந்தநாளுக்கு ஊரில் இருந்தான். வியாழன் பிறந்தநாள், வெள்ளி ரயில். "கடை கேக் வேண்டாம் சித்தி, நீங்க செய்றதுதான் வேணும்" என்று லீவு கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டான். அவனுக்கு எப்படிக் கரியைக் கொடுப்பது?

முதலில் மைதாவைத் திட்டினேன். பிறகு வோல்டேஜை. கடைசியில் என் வீட்டுக்காரரை. காலையில் அதில் பிரெட் சுடுகிறவர் அவர்தானே? குமிழைக் கண்டபடி திருகியிருப்பார்.

"ஏட்டி, நான் அதைத் தொட்டே பத்து நாளாச்சு."

"நீங்க தொடாம அது தானா கெட்டுப்போச்சாக்கும்?"

மூன்று நாள் இதே அர்ச்சனை. மனிதர் பிரெட் பக்கமே போகாமல், வைத்த இட்லியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெக்கானிக் செல்வம் வந்தார். ஓவனுக்கு மேலே இருக்கும் கரண்ட் அடுப்பைத்தான் முதலில் போட்டுப் பார்த்தார்.

"இது நல்லா சூடாகுதுல்லா? அப்ப வோல்டேஜ் மேல குத்தமில்லக்கா."

பிறகு ஒரு சின்ன தெர்மாமீட்டரை ஓவனுக்குள் வைத்தார். "செத்த நேரம் பொறுங்க." குமிழ் 180-ல் நிற்கிறது. உள்ளே 240-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது!

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார்.

"யக்கா... ஆயுத பூஜைக்கு இதுக்குள்ளயும் பொட்டு வச்சீகளோ?"

வைத்தேன். கிரைண்டருக்கு, ஃபிரிட்ஜுக்கு, ஸ்கூட்டருக்கு வைத்தவள் ஓவனை மட்டும் விடுவேனா? வெளியே வைத்தால் வழிந்துவிடும் என்று கதவைத் திறந்தேன். உள்ளே பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி சும்மா நின்றது. அதில் அழுத்திச் சந்தனம் பூசி, குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன்.

"இதுதான்க்கா சென்சார். உள்ள எம்புட்டுச் சூடுன்னு பாத்துச் சொல்றது. நீங்க அழுத்தினதுல கிளிப்பை விட்டு நழுவிச் சுவத்துல ஒட்டிக் கிடக்கு. மேல சந்தனம் வேற காஞ்சு அப்பியிருக்கு. சூடு அதுக்கு உறைக்கவே இல்ல. இன்னும் பத்தலன்னு ஓவன் பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போகுது."

எனக்கு முகம் 240-க்குப் போனது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் காபியோடு வந்தார்.

"என்ன தம்பி, நான் திருகினதுலதான் கெட்டுச்சா?"

பாவம்... நான் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். செல்வம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் செய்யல. கிளிப்பை விட்டு சென்சார் நழுவியிருக்கு. எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்" என்றார். சொல்லிக்கொண்டே சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, அந்தத் துணியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதற்குத்தான் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்சாரைக் கிளிப்பில் மாட்டி மறுபடி சோதித்தார். 180 என்றால் 180. வியாழன் காலை கேக் பொன்னாக வந்தது. கதிர் இரண்டு துண்டு நின்றபடியே தின்றான். மீதியை டப்பாவில் கட்டி ரயிலுக்கு எடுத்துப் போனான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உங்கள் வீட்டு ஓவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சென்சார் நழுவியிருக்கிறதா என்று ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டைக் கதவுக்கு வெளியே வையுங்கள்.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் வாராவாரம் இந்தப் பத்தியை ஒரு வரி விடாமல் படிப்பார். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் இங்கேயே —

ஏங்க, நாளைக்குக் காலையில உங்க பிரெட்டை நானே சுட்டுத் தாரேன்.