நான் எழுதிக் கொடுக்காத பேச்சு

"பேரு என்னம்மா?" - பொறுப்பாளர் டீச்சர் என் மகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"கயல்விழி" என்றேன் நான்.

"எத்தனாவது?"

"ஏழு முடிச்சு எட்டு போறா டீச்சர்." அதுவும் நான்தான்.

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "முகாமுக்கு வந்திருக்கிறது பாப்பாவா, நீங்களாங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கோடைக்காலப் பேச்சுப் பயிற்சி முகாம். பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். கயல் என்னை விட்டு ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை... நானும்தான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து முகாம் வேனே பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும், பெற்றோர் வரத் தேவையில்லை என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள். மணமேல்குடியிலிருந்து அதுவரை கூட்டிவந்தவள் அப்படியே திரும்பியிருக்கலாம். திரும்பினேனா? டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கிடைக்க வேண்டுமே! வேனில் ஓர் அக்கா கூடவே வந்தார் - குமட்டுகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழமும் கவருமாக. இரவில் பெண்பிள்ளைகளோடு தங்கப்போவதும் அவர்தானாம். வகுப்பறை பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாய்க்கும் கொசுவலை. வராந்தாவில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

ஒன்றே ஒன்று மாட்டியது. கடைசி பாத்ரூமில் தாழ்ப்பாள் போட வரவில்லை. கயல் உள்ளே போனபோது நான்தான் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர், அந்த பாத்ரூம்ல..."

"நீங்க சொல்லாதீங்கம்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி பிள்ளைங்களே எந்திரிச்சு, என்ன வேணும்னு கேக்கணும். இங்க மொதப் பேச்சே அதான். எழுதி வச்சுப் படிக்கவும் கூடாது."

கயல் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்குகிறவள்தான். ஆனால் ஒவ்வொரு பேச்சும் நான் எழுதி, நான் மனப்பாடம் செய்யவைத்தது. மேடையை விட்டு இறங்கினால், தாகம் எடுப்பதைக்கூட என் காதில்தான் சொல்வாள். இவள் பத்து நாள் இங்கே எப்படி இருப்பாள்? வாய் திறக்கவில்லை என்றால் கையோடு கூட்டிப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அவள் முறை வந்தது. எழுந்தாள்.

"அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது. வழக்கம்போல் என் பக்கம் திரும்பினாள். 'தாழ்ப்பாள்' என்று நான் உதட்டை அசைப்பதற்குள், டீச்சர் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். தட்டுகளை அடுக்குகிற மாதிரி... சும்மா. என்ன ஒரு டீச்சர்!

பிள்ளை பேசமாட்டேன் என்கிறாள் என்று புலம்புகிறோமே, அவள் பேச நாம் எப்போதாவது இடைவெளி விட்டோமா?

"கடைசி பாத்ரூம்ல தாப்பா போட முடியல டீச்சர்" - டீச்சர் முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "ஒரு ஆளு அங்கிட்டு நின்னு கதவப் பிடிச்சுக்கிற வேண்டியிருக்கு."

"சபாஷ்! இன்னைக்கே சரி பண்ணிருவோம். வேற?"

கயலுக்குத் தைரியம் வந்துவிட்டது. "எங்கம்மா ஊருக்குப் போக எத்தன மணிக்கு டீச்சர் பஸ்ஸு?"

மூன்றேகாலுக்காம். பிடித்துவிட்டேன்.