கோயில் வாசலில் அக்கா சொன்ன சேதி

ஓராண்டுக்கு முன், ஒரு தை மாதக் காலையில் இறைவன் எங்கள் அக்காவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அவரை நினைத்துக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன். அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓரம் லாரிக்குப் பஞ்சர் போடுகிறவன் நான். எழுத்து எனக்குச் சரளமாக வராது. அக்கா இருந்திருந்தால், "சுருக்கமா எழுதுடா, சனங்களுக்குப் பசிக்கும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அக்கா பிறந்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு மேட்டாங்காட்டு ஊரில். அப்பா சீக்கிரமே காலமானதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு கூலிக்குப் போனார். என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் படிக்கவில்லை என்பது வேறு கதை. அதற்காக அவர் ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்ட அவருக்கு வேறு விஷயங்கள் நிறையவே கிடைத்தன.

நல்லம்பள்ளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமாவின் காட்டில் தக்காளி. வாரம் தவறாமல் மருந்தடிப்பு. ஒருநாள் மருந்தடித்துக்கொண்டிருந்த மாமா மயங்கி வரப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்றே அக்கா மருந்தடிக்கும் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அடுத்த மழைக்கு ராகியும் சாமையும் விதைத்தார். நடுவே அவரையும் துவரையும் சால் சாலாக. சாணமும் ஆட்டுப் புழுக்கையும் தவிர எதுவும் காட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆரம்பத்தில் விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊர் சிரித்தது.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. "நம்ம ராகி லாரியேறிப் போவுது, நாம கடையில பாக்கெட் மாவு வாங்கித் திங்கறோம். இது என்ன நாயம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே ஊர்க்காரர்களுக்கு அளந்து கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால்தான் பெங்களூர் வியாபாரிக்கு. அதிலும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்குத்தான் முதல் மரியாதை. குழந்தைக்கு முதன்முதலில் ராகிக்கூழ் காய்ச்சுவதென்றால் இந்தக் களத்து ராகிதான் என்று பக்கத்து ஊர்களிலும் பேச்சாயிற்று. அதைப் பார்த்து வேறு சில குடும்பங்களும் தங்கள் காட்டில் அப்படியே பயிர் வைத்தார்கள்.

அந்தப் பெயருக்கு ஒரு வருடம் சோதனை வந்தது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அக்கா சேலத்தில் படுத்திருந்தார். இங்கே அடைமழையில் ராகி மஞ்சளடித்து நின்றது. உடம்பு தேறி வருகிறவர் இதைப் பார்த்தால் மனசொடிந்து போவாரே என்று பயந்த மாமா, யாருக்கும் தெரியாமல் யூரியா வாங்கிவந்து வீசிவிட்டார். பயிர் கருகருவென்று எழுந்தது. அக்கா திரும்பி வந்து அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. அறுப்புக்கு முன் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார்.

அக்கா சத்தம் போடவில்லை. சமைத்தார், சோறு போட்டார், மாமாவோடு பேச்சு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும், இன்னும் நிமிர்ந்து நடக்க முடியாத உடம்போடு கோயில் வாசலில் போய் நின்றார். வெளியே வந்தவர்களிடம், "இந்த வருசம் எங்க ராகியில யூரியா வுழுந்திருக்குதுங்க. கொழந்தைக்குன்னு கேட்டவங்க வேற எடம் பாத்துக்கங்க. தப்பு எங்க வூட்டுதுதான்" என்றார். யார் போட்டது என்று ஒருவர் கேட்டார். "எங்க வூடுன்னு சொல்லிட்டனுங்களே" என்றார் அக்கா. பக்கத்தில் நின்ற மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ராகியை உரம் போட்ட ராகி என்று சொல்லியே சந்தையில் கொடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் அடுத்த அறுப்பு வரை பொறுத்திருந்து, மறுபடியும் அதே களத்துக்கு வந்தார்கள்.

பிறகு அதே வயிற்று நோய் திரும்பி வந்தது. கடைசி நாட்களில் அக்கா தன் வலியைப் பற்றிப் பேசியதைவிட விதை ராகியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஒருநாள் மாமாவிடம், "நான் இல்லாதப்ப மஞ்சளடிச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். மாமா ஜெபமாலையை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா இல்லாமல் மாமா விதைத்த முதல் வெள்ளாமை இது. இந்த முறையும் மழை விடாமல் பிடித்தது, ராகி மஞ்சளடித்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர், இப்போது கேட்பதற்குத்தான் ஆள் இல்லையே, ஒரு மூட்டை யூரியா வாங்கிப் போட்டால் என்ன என்றார். மாமா கூடையை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போனார்.

சேலத்தில் அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், கடைசிவரை வந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், இந்த அறுப்புக்குக் கூப்பிடாமலே அரிவாளோடு வந்து நின்ற ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் ஆன்மா இறைவனில் இளைப்பாற உங்கள் ஜெபங்களை வேண்டுகிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். யூரியா சமாச்சாரத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. அவதான் கடைசி வரைக்கும் எம்பேரச் சொல்லல. நான் சொல்லிக்கறேன், எழுது. அன்னிக்குப் போட்டது நாந்தான். இந்த வருசம் போடல. வெளச்சல் கம்மி, நெனவு நாள் சாப்பாட்டுல களி ஆளுக்குக் கொஞ்சந்தான் வரும்னு எழுதிடு."